விழுங்கியதா, பறித்ததா? அணுக்கரு மோதலின் உட்கதை

1932 ஏப்ரல் 14. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் எர்னஸ்ட் வால்டன், முடுக்கிக் குழாயின் அடியிலிருந்த சின்னக் கூண்டுக்குள் தவழ்ந்து போய்த் துத்தநாக சல்பைடு திரையைப் பார்த்தார். மினுக் மினுக்கென்று ஒளிப்புள்ளிகள். லித்தியம்-7 கருவுக்குள் ஒரு புரோட்டான் புகுந்து, இரண்டு ஹீலியம் கருக்கள் வெளியே வந்திருந்தன.

சரி, புகுந்ததற்கும் உடைந்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது? நேரில் பார்க்க வழியில்லை. வேகமான துகள் ஒரு கருவைக் கடக்கும் நேரம், ஒரு வினாடியைப் பத்து கோடி கோடி கோடியாகக் கூறுபோட்டால் அதில் ஏதோ ஒரு கூறு. தடயம் கிடைப்பது துகள்கள் எந்தத் திசையில் சிதறுகின்றன என்பதில்தான்.

1936இல் நீல்ஸ் போர் ஒரு விளக்கம் தந்தார். ஆழமில்லாத கிண்ணத்தில் கிடக்கும் பந்துகள்மேல் இன்னொரு பந்து உருண்டு வந்தால் அதன் வேகம் எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும். ஒன்றும் உடனே வெளியேற முடியாது. கருவிலும் இப்படித்தான். ஆற்றல் தற்செயலாக ஒரு துகளிடம் மறுபடி குவியும்வரை அந்தக் ‘கூட்டு அணுக்கரு’ தாக்குப்பிடிக்கும். அதற்குள், வந்த துகள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதே மறந்துபோகும். அதனால் முன்னும் பின்னும் சரிசமமாகச் சிதறல்.

டியூட்ரான், அதாவது கன ஹைட்ரஜனின் கரு, அப்படியல்ல. அதிலுள்ள புரோட்டானையும் நியூட்ரானையும் பிரிக்க 2.2 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) போதும்; மிகத் தளர்வான கட்டு. இலக்குக் கருவின் ஓரத்தை அது உரசிப் போகையில், கரு நியூட்ரானை மட்டும் பறித்துக்கொள்ளும். புரோட்டான் போகிற போக்கில் முன்னோக்கியே பறந்துவிடும். இது நேரடி வினை. 1950 வாக்கில் ஸ்டூவர்ட் பட்லர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்: புரோட்டான்கள் எந்தக் கோணத்தில் அதிகம் குவிகின்றன என்று அளந்தால், பறிபட்ட நியூட்ரான் எந்தக் கோண உந்தத்தோடு (சுற்றும் இயக்கத்தின் அளவு) உள்ளே குடியேறியது என்று சொல்லிவிடலாம். அணுக்கருவின் அமைப்பை அறிய இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி குறைவு என்பேன்.

ஆனால் லேசான கருக்களில் கூட்டு அணுக்கரு, நேரடி வினை என்ற இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. பங்கு போட ஐந்தாறு துகள்கள்தானே இருக்கின்றன! அங்கே தனித்தனி ஒத்ததிர்வுகள்தான், அதாவது குறிப்பிட்ட ஆற்றலில் மட்டும் வினை திடீரென்று வலுப்பதுதான், ஆட்டிவைக்கும். கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும், இன்னும் ஒரு நியூட்ரான் கூடிய டிரிட்டியமும் மோதும்போது, டியூட்ரானின் ஆற்றல் சுமார் 1 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து உருவாகும் ஹீலியம்-5 கருவின் ஒரு நிலை சரியாகக் கைகொடுக்கிறது. டியூட்டீரியம் தன்னோடு தானே பிணைவதைவிட அங்கே பிணையும் வாய்ப்பு ஏறக்குறைய நூறு மடங்கு. பிணைவு உலைக்காரர்கள் இந்த எரிபொருளையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அப்போது வெளிவரும் நியூட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமாகவே பறக்கின்றன. ஆற்றலைச் சில மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றினால் அந்தச் சமநிலை குலைகிறது. அதே இரண்டு கருக்களிடம் பறிப்பு வேலையும் தலைகாட்டத் தொடங்கும்.