டிராவல் நர்ஸ் வேலையில் ஷிப்ட் தகராறு, சம்பளத் தகராறு: சட்டம் தருவது எது, கான்ட்ராக்ட் தருவது எது?

அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி மூலம் வெளியூர் போய்க் குறுகிய காலம் வேலை செய்யும் நர்ஸாக, இருப்பவர் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில். ஷிப்ட் போடுவது அங்குள்ள மேனேஜர். ஆனால் சம்பளம் தருவது ஏஜென்சி, கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட்டும் ஏஜென்சியோடுதான். பெரும்பாலும் 13 வாரம், வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிப்ட் மூன்று. தகராறு என்று வந்தால் ஆஸ்பத்திரி ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி ஆஸ்பத்திரியைக் கைகாட்டும். தெரியாத ஊரில் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் நர்ஸ்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அதனால் புகாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்பது சட்டம் தருவதா, கான்ட்ராக்ட் தருவதா? சட்டம் தரும் உரிமையை எந்தக் கான்ட்ராக்ட்டாலும் எழுதி வாங்கிவிட முடியாது. கான்ட்ராக்ட் மட்டுமே தரக்கூடிய ஒன்றை அதில் எழுதாமல் விட்டுவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அதை வாங்கித் தர அரசு அலுவலகம் எதுவும் இல்லை.

ஷிப்ட் ரத்து இந்த இரண்டாவது வகை. நோயாளிகள் குறைவு என்று ஆஸ்பத்திரி உங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பார்க்காத வேலைக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி மத்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. காப்பாற்றுவது, வாரத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் உறுதி என்று கான்ட்ராக்ட்டில் உள்ள 'கேரன்டீட் அவர்ஸ்' வரி மட்டுமே. முதல் பக்கத்தில் 36 மணி நேரம் என்று பெரிதாக இருக்கும். உள்ளே எங்கேயோ, இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிப்டைச் சம்பளமில்லாமல் ரத்து செய்யலாம் என்று ஒரு வரி இருக்கும். ஆறு ஷிப்டில் ஒன்று போனால் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது. வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் தரும் ஸ்டைபண்டையும் அதற்கேற்பக் குறைப்பார்களா என்பதை அதே இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வார்டுகளுக்கு மாற்றி அனுப்பலாம், முன்கூட்டியே கேட்ட லீவு நாட்கள் எவை, பாதியில் நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ், இவை எல்லாம் கான்ட்ராக்ட்டிலேயே இருக்க வேண்டும். ரெக்ரூட்டர் போனில் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி, இந்தத் தாளில் உள்ளதுதான் முழு ஒப்பந்தம் என்று பல கான்ட்ராக்ட்டுகளில் ஒரு வரி இருக்கிறது. அது இருந்தால் போன் பேச்சு செல்லாமல் போகலாம்.

கலிஃபோர்னியாவில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஷிப்டுக்கு வந்து நின்ற பிறகு திருப்பி அனுப்பினால், போட்டிருந்த நேரத்தில் பாதிக்குச் சம்பளம் தர வேண்டும். குறைந்தது 2 மணி நேரம், அதிகபட்சம் 4. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போன் செய்து நிறுத்திவிட்டால் இது பொருந்தாது.

இனி சட்டம் தருவது. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டப்படி, மணிக் கணக்கில் சம்பளம் வாங்கும் நர்ஸுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் உண்டு. முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால் ஆஸ்பத்திரிகள் 14 நாள் கணக்கையும் பயன்படுத்தலாம். அப்போது ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல், அல்லது 14 நாளில் 80 மணி நேரத்துக்கு மேல், எது அதிகமோ அது ஓவர்டைம். உங்களுக்கு எந்தக் கணக்கு என்று முதல் வாரமே கேளுங்கள்.

அதிகம் பறிபோவது சாப்பாட்டு இடைவேளையில்தான். பல இடங்களில் ஷிப்டுக்கு 30 நிமிடம் தானாகவே கழிந்துவிடும். ஆனால் சட்டப்படி அந்த நேரம் முழுக்க வேலையிலிருந்து விடுபட்டிருந்தால்தான் கழிக்கலாம். ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் வார்டு போனுமாக உட்கார்ந்திருந்தால் அது வேலை நேரம். வாரம் மூன்று ஷிப்ட் என்றால் ஒன்றரை மணி நேரம், 13 வாரத்தில் பத்தொன்பதரை மணி நேரம். இடைவேளை கிடைக்காத அன்றே அதற்கான படிவத்தை நிரப்பி, தேதியோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்கு அவ்வளவு வலு இருக்காது.

அடுத்தது ஸ்டைபண்ட். ஏஎம்என் சர்வீசஸ் என்ற ஏஜென்சியின் மீது நர்ஸுகள் தொடுத்த வழக்கில், மேற்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒன்பதாவது சர்க்யூட்) 2021 பிப்ரவரியில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. ஷிப்ட் தவறினால் குறைவது, கூடுதலாக வேலை பார்த்து அதை ஈடுகட்டலாம் என்பது, வெளியூர் போகாத உள்ளூர் நர்ஸுகளுக்கும் அதே தொகை தருவது என்று இருந்தால், அந்த ஸ்டைபண்ட் உண்மையில் செலவுத்தொகை அல்ல, சம்பளம்; ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 டாலர், வார ஸ்டைபண்ட் 1,200 டாலர், ஒரு வாரம் 48 மணி நேரம் வேலை. ஸ்டைபண்டைச் சேர்க்காவிட்டால் எட்டு மணி நேர ஓவர்டைமுக்கான கூடுதல் அரைப் பங்கு 120 டாலர். சேர்த்தால் சராசரி மணிச் சம்பளம் 55 டாலராகி, அந்தக் கூடுதல் 220 டாலராகிறது. வாரத்துக்கு 100 டாலர் வித்தியாசம். இந்தத் தீர்ப்பு கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட ஒன்பது மேற்கு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும்.

ஷிப்ட் முடிந்தும் போகவிடாமல் நிறுத்தினால் என்ன செய்வது? மத்தியச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. நியூயார்க், பென்சில்வேனியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் கட்டாய ஓவர்டைமைத் தடை செய்துள்ளன. பேரிடர், நடந்துகொண்டிருக்கும் அறுவை சிகிச்சை போன்ற விலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் பொறுப்பேற்ற நோயாளிகளை யாரிடமும் ஒப்படைக்காமல் கிளம்பிவிடக் கூடாது. அது லைசென்ஸுக்கே ஆபத்து. பழக்கமில்லாத வார்டுக்கு அனுப்பும்போது டெக்சாஸில் 'சேஃப் ஹார்பர்' என்ற அருமையான பாதுகாப்பு இருக்கிறது. பொறுப்பை ஏற்கும் முன், அல்லது நடுவில் நிலைமை மாறும்போது, மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்தால், அந்தப் பணியை நல்லெண்ணத்தோடு பார்த்ததற்காக உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. எல்லா மாநிலமும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

சம்பளப் பாக்கிக்கு முதலில் ஏஜென்சியின் பேரோல் பிரிவுக்கு மெயில் போடுங்கள். தேதி, நேரம், தொகை மூன்றும் இருந்தால் போதும். பதில் சரியில்லை என்றால் மத்தியத் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவை 1-866-487-9243 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, உங்கள் பெயரை ரகசியமாக வைத்திருப்பார்கள், விசா நிலை பற்றிக் கேட்பதில்லை. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். கான்ட்ராக்ட்டில் நடுவர் மன்ற ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தாலும் இந்தத் துறைக்குப் போவதை அது தடுக்காது. வழக்குக்குக் காலக்கெடு 2 ஆண்டு, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 3 ஆண்டு. வென்றால் பாக்கியோடு அதே அளவு தொகை இழப்பீடாகவும் கிடைக்கலாம். சக நர்ஸுகளோடு சம்பளத்தை ஒப்பிட்டுப் பேசுவதையும் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது, தயங்காமல் பேசுங்கள்.

கேரன்டீட் அவர்ஸ் பணத்துக்கு அந்தத் துறை பொதுவாக உதவாது. அது கான்ட்ராக்ட் வழக்கு. நடுவர் மன்ற ஷரத்து இல்லாவிட்டால், அல்லது அந்த ஷரத்தே சிறு வழக்குகளுக்கு விலக்கு தந்தால், சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு நீங்களே போகலாம். கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை, டெக்சாஸில் 20,000 டாலர் வரை கேட்கலாம். கான்ட்ராக்ட், ரத்தான ஷிப்டுகளின் குறுஞ்செய்திகள், சம்பளச் சீட்டுகள், இவற்றின் பிரதிகளோடு போங்கள்.