முடி அகலக் குழாயும் ஒரு வெள்ளைப் பூச்சும்

10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால், அது தொடுகிற சுற்றுச்சுவரின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர்தான். அதே தண்ணீரை முடி அளவே, அதாவது 0.1 மில்லிமீட்டர் விட்டமே உள்ள நுண்குழாய்களில் நிரப்பினால் 40 சதுர மீட்டர்! ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. இப்படிப்பட்ட நுண்குழாய்களுக்குள் வேதிவினை நடத்தும் கருவிகள்தான் நுண்வினைகலன்கள்; சாயம் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்யவும் அவை உதவும். அவற்றின் பலமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அந்தச் சுவரில் டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசுகிறார்கள். பெயின்டுக்கு வெண்மை தருவதும் இதே பொருள்தான். ஒளி பட்டால் இது தண்ணீரைப் பிளக்கும் என்று 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். புற ஊதா ஒளி பட்டதும் பூச்சுக்குள் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. பெரும்பாலும் இரண்டும் மறுபடி சேர்ந்து, அந்த ஆற்றல் வெப்பமாகிப் போய்விடும். தப்பி மேற்பரப்புக்கு வந்தவைதான் வேலை செய்கின்றன. காலியிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, வினைத்துடிப்பு மிகுந்த துகளை உண்டாக்குகிறது. சாய மூலக்கூறு கிடைத்தால் இந்த ரேடிக்கல் அதைக் கடித்துக் குதறிவிடும்.

சரி, தூளாகவே தண்ணீரில் கலக்கிவிடலாமே? கலக்கலாம். ஆனால் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போடும். அப்புறம் அந்த நுண்தூளை வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. பெரிய தொட்டியின் சுவரில் பூசினாலோ, நடுவில் இருக்கிற மூலக்கூறு சுவருக்கு வந்து சேர வேண்டும். மூலக்கூறு தானாகவே அலைந்து நகர்வதைப் பரவல் என்பார்கள்; அதில் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். அசையாத தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் கடக்கப் பல மணி நேரம் பிடிக்கும். நுண்குழாயின் நடுவிலிருந்து சுவருக்கு வரச் சில வினாடிகள் போதும்.

பூசுவதில்தான் கைத்திறன் தெரியும். டைட்டானியம் கரைசலைக் குழாய்க்குள் ஓடவிட்டு, மிச்சத்தைக் காற்றால் தள்ளி, 450 முதல் 500 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அப்போதுதான் அனடேஸ் என்ற, நன்றாக வேலை செய்யும் டைட்டானியம் டை ஆக்சைடு படிக வடிவம் உருவாகும். பிளாஸ்டிக் இந்தச் சூட்டைத் தாங்காது; கண்ணாடி தாங்கும். பூச்சு மிக மெல்லியதாக இருந்தால் ஒளி ஊடுருவிப் போய்விடும். தடித்தால் வேறு சிக்கல்: கண்ணாடி வழியாகப் பின்னாலிருந்து ஒளி வரும்போது, தாவும் எலக்ட்ரான்களும் காலியிடங்களும் கண்ணாடி ஓரத்திலேயே பிறந்து, தண்ணீரை எட்டும் முன்பே மறுபடி சேர்ந்து வீணாகிவிடும்.

ஒரு குழாயில் ஓடுவது சொற்பம். அதனால் நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒளியும் ஓட்டமும் சமமாக இருக்க வேண்டும். பல குழாய்கள் அடைத்துக்கொண்டால் அவற்றின் தண்ணீர் மற்றக் குழாய்களில் வேகமாக ஓடி, முழுதும் சுத்தமாகும் முன்பே வெளியே வந்துவிடும்.