கப்பலின் பின்முனையில் ஒரு பால்கனி

1912இல் டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கப்பலின் இரண்டு நுனிகளைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். தனியாக வந்த ஆண்களுக்கு முன்முனை; குடும்பங்களுக்கும் தனியாக வந்த பெண்களுக்கும் பின்முனை. நடுப்பகுதி காசுள்ளவர்களுக்கு. ஆட்டமும் இரைச்சலும் நுனிகளில்தான் அதிகம் என்பது கப்பல் கட்டியவர்களுக்குத் தெரியாததல்ல. இன்றைய சொகுசுக் கப்பல்களிலோ அதே பின்முனையில், கடந்து வந்த கடலைப் பார்த்தபடி அமைந்த பால்கனி அறைகளுக்குப் பல நிறுவனங்கள் பக்கவாட்டு அறைகளைவிடக் கூடுதல் கட்டணம் கேட்கின்றன. கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறது.

நூறு ஆண்டுகளில் கடல் மாறிவிடவில்லை, கப்பல் மாறியிருக்கிறது. எந்தத் தொல்லை தீர்ந்தது, எது அப்படியே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தக் கூடுதல் பணம் தகுமா என்று சொல்ல முடியும்.

பெருமளவு தீர்ந்தது அதிர்வு. 1935 மே மாதம் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட நார்மண்டி, முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்த கப்பல் என்ற பெயரைத் தட்டிச் சென்றது. ஆனால் பின்பகுதியில் இருந்தவர்களால் அந்தப் பெருமையை நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. அதிர்வு அவ்வளவு கடுமை. அடுத்து வந்த குளிர்காலத்தில் கப்பலை நிறுத்தி, மூன்று இதழ் புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு நான்கு இதழ் கொண்டவற்றை மாட்டிய பிறகே தொல்லை தணிந்தது.

இதழ் ஒன்று கூடியதால் என்ன வந்தது? புரொப்பெல்லர் சுழலும்போது ஒவ்வோர் இதழும் கப்பலின் அடித்தகட்டை நெருங்கிக் கடக்கிறது. கடக்கும் ஒவ்வொரு முறையும் இடையிலுள்ள நீர் வழியாகத் தகட்டில் ஓர் இடி விழுகிறது. நிமிடத்துக்கு 120 சுற்று, நான்கு இதழ் என்றால் நொடிக்கு எட்டு இடி. எஃகுக் கட்டமைப்பு இயல்பாக அதிரும் வேகத்தோடு இந்த எண்ணிக்கை ஒத்துப்போய்விட்டால் அதிர்வு பன்மடங்காகும். இதழைக் கூட்டினால் இடிகளின் எண்ணிக்கை விலகிப்போகும்; சுமை பகிரப்படுவதால் ஒவ்வோர் இடியின் வலுவும் குறையும்.

அதிர்வுக்கு இன்னொரு காரணம் குமிழி. இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால், நீர் சூடேறாமலேயே கொதித்து ஆவிக்குமிழியாகிறது. அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் குமிழி சட்டென்று நசுங்கும். உலோகத்தையே அரித்துவிடும் வலு அந்த நசுங்கலுக்கு உண்டு. பழைய அமைப்பில் புரொப்பெல்லர் தண்டும் அதைத் தாங்கும் கால்களும் முன்னால் நின்று நீரைக் கலக்கிவிடுவதால், ஒரே சுற்றுக்குள் இதழ் மெதுவான நீரையும் வேகமான நீரையும் மாறிமாறிச் சந்திக்கும். குமிழிகளுக்கு அதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை.

1998இல் கார்னிவல் நிறுவனத்தின் எலேஷன் கப்பலோடு சொகுசுக் கப்பல்களுக்குள் வந்த அஸிபாட் இந்த இடத்தில்தான் கைவைத்தது. மின்மோட்டாரை ஒரு கூண்டுக்குள் அடைத்துக் கப்பலின் அடியில் தொங்கவிட்டார்கள். கூண்டு எந்தத் திசைக்கும் திரும்பும். புரொப்பெல்லர் கூண்டின் முன்பக்கம் இருந்து கப்பலை இழுக்கிறது. ஆகவே அதற்குக் கலங்காத நீர் கிடைக்கிறது. நீண்ட தண்டு கிடையாது, தனிச் சுக்கானும் கிடையாது.

அறை எப்படிப்பட்டது என்பதை மேசையில் வைத்த ஒரு டம்ளர் தண்ணீரே சொல்லிவிடும். நடுக்கடலில் சீராகப் போகும்போது, நீரின் மேற்பரப்பில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வளையங்கள் ஓடும். விளக்கொளி சாய்வாக விழுந்தால்தான் அவையும் கண்ணுக்குப் படும். விடிகாலையில் துறைமுகத்துக்குள் கப்பலைத் திருப்பும்போதோ அதே நீர் குறுகுறுவென்று நடுங்கும், டம்ளர் மேசையில் நகரும். கூண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பி இயக்கும்போது ஒன்று தள்ளும் நீர் மற்றொன்றின்மீதும் கப்பலின் அடியிலும் மோதுவதுதான் காரணம். அதற்காக வருந்த வேண்டாம். அந்த நேரத்தில் முன்முனைக்காரர்கள் நங்கூரச் சங்கிலியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தீராதது ஆட்டம். கப்பலின் பக்க ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் இருபுறமும் துடுப்புகள் நீளும். டிக்கெட் விற்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் முன்முனை எழப் பின்முனை தாழும் ஆட்டத்தை அந்தத் துடுப்புகளால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்றமரத்தில் அச்சருகே நிற்பவர் அசைவதில்லை, நுனிக்குப் போகப்போக ஏற்ற இறக்கம் கூடும் அல்லவா, கப்பலிலும் அதே கணக்குத்தான். 345 மீட்டர் நீளமுள்ள குயீன் மேரி 2ஐ எடுத்துக்கொள்வோம். கப்பல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்கும் அறை 2.6 மீட்டர் உயரும். மறுபக்கம் சாய்ந்தால் அதே அளவு தாழும். கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். பத்து நொடிக்கு ஒரு முழு ஆட்டம் என்றால், அங்கே நிற்கும் 60 கிலோ மனிதர் தம் எடை 54க்கும் 66க்கும் இடையில் மாறுவதாக உணர்வார். நடுப்பகுதிக்காரர் இதையெல்லாம் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு பாகைச் சாய்வு வருமா என்பது அலையின் நீளத்தைப் பொறுத்தது. ஆழ்கடலில் ஓர் அலை கடந்து அடுத்தது வரும் நேரத்தை நொடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். ஆறு நொடி அலைக்கு நீளம் 56 மீட்டர்தான். அப்படிப்பட்ட அலைகள் ஐந்தாறை ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டு நிற்கும் பெரிய கப்பல் அசைவதே இல்லை. 14 நொடி அலைக்கோ நீளம் 306 மீட்டர். கப்பலின் நீளத்தோடு அலையின் நீளம் ஏறக்குறைய ஒத்துப்போகும்போது கப்பலின் ஒரு பாதி முகட்டின்மீதும் மறுபாதி பள்ளத்தின்மீதும் மாறிமாறி நிற்க நேரும்; அப்போதுதான் ஆட்டம் உச்சம். இவ்வளவு நீண்ட அலையை எழுப்ப நெடுந்தூரம் தடையின்றி வீசும் புயற்காற்று வேண்டும். வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்தில் அது எளிதில் அமையும். நாலாபுறமும் நிலம் சூழ்ந்த மத்தியதரைக் கடலின் கோடையில் அரிது. ஆகவே அறையைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது வழியையும் மாதத்தையும்.

செங்குத்து ஆட்டம் ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும்போதுதான் குமட்டல் மிகுதி என்று 1970களில் ஆட்களை வைத்து நடத்திய சோதனைகள் காட்டின. பெரிய கப்பல் நிதானமாக ஆடுவதால் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. சிறிய கப்பலின் பின்முனைக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னோர் ஆறுதலும் உண்டு. பின்பகுதி நீர்மட்டத்தில் அகலமானது, முன்பகுதி கூரானது. அதனால் ஆட்டத்தின் அச்சு கப்பலின் நட்டநடுவில் அமையாமல் சற்றுப் பின்தள்ளி அமைகிறது. முன்முனையைவிடப் பின்முனை குறைவாகவே எழுந்து தாழ்கிறது.

பின்முனை வரிசைக்குள்ளேயே தேர்வு இருக்கிறது. வரிசையின் நடு அறைக்குப் பக்க ஆட்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. மூலை அறைக்கு இரண்டு ஆட்டமும் சேர்ந்து வரும்: 41 மீட்டர் அகலக் கப்பல் இரண்டு பாகை பக்கவாட்டில் சாய்ந்தால் மூலை 70 சென்டிமீட்டர் எழும். இரண்டு பக்கமும் சுற்றிவரும் பெரிய பால்கனி மூலையில்தான் கிடைக்கும் என்பதால் விலை அங்கே கூடுதல். வயிற்றுக்கு நல்லது மலிவான நடு அறை. கீழ்த்தளமாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது காற்று. 20 நாட் வேகம் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர்; காற்றே இல்லாத நாளிலும் பக்கவாட்டுப் பால்கனியில் அவ்வளவு காற்று அடிக்கும். பின்முனைக்குக் கப்பலின் உடம்பே சுவர். நாளிதழைப் பறக்காமல் விரித்துப் படிக்கலாம். ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு: பெரிய தடுப்பின் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழல்வதால், புகைபோக்கியிலிருந்து வரும் புகையின் ஒரு பகுதியும் அந்தச் சுழலுக்குள் இழுக்கப்படலாம். பின்னாலிருந்து வீசும் காற்று கப்பலின் வேகத்தோடு சமமாகிவிட்டால் புகை நேராக மேலே போய் மெல்லக் கீழே இறங்கும். கைப்பிடிக் கம்பியை விரலால் தடவினால் கரி ஒட்டும் நாள்கள் இவை. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் கரித்துகள் அதோடு ஒழிந்துவிடவில்லை. வெள்ளைச் சட்டையைப் பால்கனியில் உலர்த்துவது இன்றும் துணிச்சல்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வது எதற்காக? கப்பல் விட்டுச்செல்லும் தடத்துக்காக. இருபுறமும் விரியும் அலைகளின் கோணம் ஆழ்கடலில் ஏறக்குறைய 39 பாகை. வாத்து நீந்தினாலும் கப்பல் போனாலும் அதே கோணம்தான் என்று 1887இல் கணக்கிட்டுக் காட்டினார் கெல்வின் பிரபு. நடுவில் ஓடும் வெள்ளைப் பாதை வேறு சங்கதி. அது புரொப்பெல்லர்களும் கப்பலின் உடம்பும் கடைந்துவிட்ட குமிழிகள். மேற்பரப்பிலுள்ள குமிழிகள் எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெண்மை. சற்று ஆழத்தில் இருப்பவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பை நீர் உறிஞ்சிவிடுவதால், வெள்ளைக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை கலந்த நீலம்.

பணம் கட்டுமுன் தளப்படத்தையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள். பல கப்பல்களில் பின்முனை படிக்கட்டுப் போலச் சரிவதால், கீழ்த்தளத்துப் பால்கனி விசாலமாக இருக்கும், மேலே நிற்பவர்களுக்கு அது முழுவதும் தெரியும். தலைக்கு மேல் உணவகம் இருந்தால் நாற்காலி இழுபடும் சத்தம் காலையில் எழுப்பும். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸில் பின்முனையில் இருப்பது திறந்தவெளி நீர் அரங்கம். அதையொட்டிய பால்கனிகளில் கடலோடு நிகழ்ச்சியும் சேர்ந்து கிடைக்கும், ஒலிபெருக்கி உட்பட.