ஓட்டையைவிட வெயிலுக்கும் காற்றுக்கும் பயப்படுங்கள்: ரப்பர் படகு வாங்குவோருக்கு

"ஓட்டை விழுந்தா முங்கிடுமா சார்?"

ரப்பர் படகு பற்றி விசாரிக்க எங்கள் பட்டறைக்கு வருகிற பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான். சென்னையில் காற்றடைத்த படகுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். மீட்புக் குழுக்களின் பெரிய படகுகளும் கடலோர விடுதிகளின் படகுகளும் வரும். கூடவே, பொழுதுபோக்குக்காக வாங்கியவர்களின் சின்னப் படகுகளும் இப்போது நிறைய வருகின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் "வீட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் அதே படகைக் காரில் போட்டுக்கொண்டு ஏரிக்கும் உப்பங்கழிக்கும் கிளம்பிவிட்டார்கள். என் மேஜைக்கு வந்தவற்றில் ஓட்டையால் வீணான படகு குறைவு. வெயிலில் வெந்து வீணானவையே அதிகம். ஆட்களை ஆபத்தில் மாட்டிவிடுவதோ பெரும்பாலும் காற்று.

ஓட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒழுங்கான படகின் பக்கக் குழாய் ஒரே பை கிடையாது. உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்து இரண்டு, மூன்று அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறை போனாலும் மற்றவை தாங்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் குறைவு என்பதால் முள் குத்திய துளையில் காற்று மெதுவாகத்தான் கசியும், கரை சேர நேரம் கிடைக்கும். அலான் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1952இல் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீள ரப்பர் படகில் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார், 65 நாட்கள். அவரைப் போல நீங்களும் கிளம்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் படகைக் கிழிப்பவை இரண்டு: ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள், உப்பங்கழியில் பாறையிலும் பாலத்தூணிலும் ஒட்டியிருக்கும் சிப்பி. முள்ளுக்கு ஒட்டுப் போதும். சிப்பி பிளேடு போல நீளமாக அறுத்துவிடும். தூண் பக்கமே போகாதீர்கள்.

இது ஒழுங்கான படகுக்கான பதில். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு, துடுப்பும் பம்பும் சேர்த்து வருவது பெரும்பாலும் பொம்மை. துணி இழையே இல்லாத வெறும் பிளாஸ்டிக் தாளில் செய்திருப்பார்கள். இது உயிர்காக்கும் சாதனம் அல்ல என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாட அது போதும், ஏரிக்கு ஆகாது. நிஜப் படகில் பாலியெஸ்டர் துணியின் இரு பக்கமும் பிவிசி பூசியிருக்கும். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். மோட்டார் மாட்டும் பின்பலகையில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்க வேண்டும்: எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு திறன் மோட்டார், எவ்வளவு காற்றழுத்தம், ஐஎஸ்ஓ 6185 என்ற காற்றடைத்த படகுகளுக்கான சர்வதேசத் தரம். அந்தத் தகடு இல்லாத படகை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பிவிசியா, ஹைபலானா என்று அடுத்து கேட்பார்கள். ஹைபலான் என்பது டியூபாண்ட் நிறுவனம் தயாரித்த செயற்கை ரப்பர். அவர்கள் 2010இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் விற்பது வேறு நிறுவனங்கள் செய்யும் அதே வகை ரப்பர். வருடம் முழுக்க வெளியில் கிடக்கும் விடுதிப் படகுக்கு அதுதான் சரி, வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும். மாதம் ஒருமுறை எடுத்து, மடித்து வைக்கும் குடும்பத்துக்கு அந்த விலை தேவையில்லை, பிவிசி போதும். ஆனால் பிவிசி வாங்கும்போது இணைப்பைப் பாருங்கள். பசை வைத்து ஒட்டியதா, சூட்டில் உருக்கிப் பற்றவைத்ததா? நம் ஊர் வெயிலில் பிவிசித் துணி கெடுவதற்கு முன்பே பசை விட்டுக்கொடுத்துவிடும். துணி புதுசு போல இருக்கும், பின்பலகை மட்டும் கையோடு வரும். பற்றவைத்த இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு. கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதானால் அந்த இடத்தில் கொடுங்கள், கூரைக்கும் கோப்பை வைக்கும் பள்ளத்துக்கும் வேண்டாம்.

இனி வெயில். சின்னப் படகின் பக்கக் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் பொதுவாக 0.25 பார், அதாவது மூன்றரை பிஎஸ்ஐ (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). கார் டயரில் 30க்கு மேல் இருக்கும். இது தெரியாமல் பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் காற்றடித்து உள்தடுப்புச் சுவர் கிழிந்த படகுகள் எங்களிடம் வருகின்றன. டயர் கேஜ் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. படகுக்கென்று உள்ள குறைந்த அழுத்தக் கேஜை பம்போடு சேர்த்து வாங்கிவிடுங்கள். தரையும் காற்றடைத்ததாக இருந்தால் அதற்கு அழுத்தம் அதிகம், 10 பிஎஸ்ஐ வரை கேட்கும். அதைத் தகட்டில் பார்த்து அடியுங்கள்.

சரியாக அடித்த பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. காலையில் 25 டிகிரியில் 0.25 பார் ஏற்றினீர்கள். உச்சி வெயிலில் குழாய் 55 டிகிரிக்குச் சூடானால் உள்ளழுத்தம் ஏறத்தாழ 0.38 பார் ஆகிவிடும், ஒன்றரை மடங்கு! கேஜ் காட்டுவது வெளிக்காற்றை மிஞ்சிய அழுத்தத்தை மட்டும். சூடு ஏற்றுவதோ வெளிக்காற்றின் பங்கையும் சேர்த்த மொத்தத்தை. அதனால்தான் இந்தத் தாவல். குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் நிஜத்தில் சற்றுக் குறையலாம், ஆனால் பசை இணைப்புக்கு அதுவே அதிகம். தண்ணீரில் மிதக்கும் படகை அடியில் உள்ள நீர் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். பிரச்சினை வருவது மதியம் சாப்பிடக் கரையேற்றும்போது. மணலில் போட்டுவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் இணைப்பு பிளந்துவிடும். கரையேற்றினால் ஒவ்வொரு வால்வையும் அழுத்திக் கொஞ்சம் காற்றை விடுங்கள், இல்லையென்றால் நிழலில் போடுங்கள். திரும்ப இறக்கும்போது அடித்துக்கொள்ளலாம்.

வெளியே வீசும் காற்றைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் படகு தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒன்றும் இல்லை. பக்கக் குழாயே பாய் மாதிரி வேலை செய்யும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இருபது கிலோ படகு நிச்சயம் பறக்கும். நம் கிழக்குக் கடற்கரையில் ஆனி, ஆடி, ஆவணியில் காலை வேளைகளில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அப்போது கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும், அலையே இருக்காது. "இன்னிக்கு நல்லா இருக்கு" என்று இறங்குவார்கள். உள்ளே போகப் போகக் காற்றின் வலு தெரியும், திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில் இருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும் வரை அந்த இழுப்பு நிற்காது. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் இரண்டு குட்டைத் துடுப்புகளை வைத்து எதிர்த்துப் போவது நல்ல உடம்பு உள்ளவருக்கே பாடு. முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியிலும் இதே கதைதான். மேல்காற்று பாலத்தையும் முகத்துவாரத்தையும் பார்த்துத் தள்ளும். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்திருந்தால் நீரோட்டமும் அதே பக்கம் இழுக்கும்.

அதனால் முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுப் போங்கள், களைத்த பிறகு காற்றே கொண்டுவந்து விடட்டும். கட்டாயம் ஒரு சின்ன மடக்கு நங்கூரம் வேண்டும், கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது. மூன்று மீட்டர் தண்ணீருக்குப் பதினைந்து மீட்டர் கயிறு. படகோடு இலவசமாகத் தரும் கயிறு இதில் பாதி கூட வராது. அலை உடையும் திறந்த கடற்கரையில், மெரினாவோ பெசன்ட் நகரோ, பொழுதுபோக்குப் படகை இறக்கவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைப்பது அணிந்ததாக ஆகாது. தண்ணீரில் விழுந்த பிறகு மாட்ட முடியாது. வாங்கும்போது உள்ளே எழுதியிருக்கும் நியூட்டன் அளவை, அதாவது மிதக்கவைக்கும் விசையைப் பாருங்கள். 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. நீச்சல் தெரியாதவருக்கு 100க்குக் குறையாமல், முகத்தை மேலே திருப்பிவிடும் வகை. குழந்தைக்கு இரு கால்களுக்கு நடுவே வரும் வார் இல்லாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: விழுந்தவர் திரும்ப ஏறுவது எப்படி? வழுக்கும் உருண்டைக் குழாயைப் பிடித்து ஈரத் துணியோடு ஏறுவது லேசுப்பட்ட காரியம் கிடையாது. கால் வைத்து ஏற ஒரு கயிற்று வளையமோ ஏணியோ கட்டிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அம்மாவால் ஏற முடியவில்லை என்றால் அது கரைக்குப் பக்கத்திலேயே தெரியட்டும்.

தகட்டில் 4 பேர் என்றிருந்தால் ஆளுக்கு 75 கிலோ வைத்துப் போட்ட கணக்கு அது. மின்மோட்டாரும் ஈய பேட்டரியும் மாட்டினால் ஓர் ஆள் குறையும், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மட்டுமே 25 கிலோவுக்கு மேல். மோட்டார் பொருத்தினால் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, சான்று போன்ற கேள்விகளும் வரும். அனுமதி கேட்க அணைகளுக்கும் ஏரிகளுக்கும் நீர்வளத்துறை, சரணாலயப் பகுதிகளுக்கு வனத்துறை. "எல்லாரும்தான் போறாங்க" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முக்கியமாகத் தரைக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள இடுக்கை. அங்கே தங்கும் மணல் உப்புத்தாள் போலத் துணியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். பளபளப்புக்காகக் கார் டேஷ்போர்டு பாலீஷ் அடிக்காதீர்கள். அதில் சிலிக்கோன் இருந்தால் பிறகு எந்த ஒட்டும் பிடிக்காது. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்தால் சூட்டில் பசை போகும், கீழே ஸ்டோர் ரூமில் வைத்தால் எலி. மடித்து வைத்த படகை எலி ஒரு கடி கடித்தால் போதும், விரித்துப் பார்க்கும்போது ஏழெட்டு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். கீழேயே, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதுதான் இந்த இரண்டுக்கும் மருந்து.

சின்ன ஒட்டு வேலையை நீங்களே செய்யலாம். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது, ஃபெவிக்விக் காய்ந்து நொறுங்கும். பிவிசிக்கென்று வரும் பாலியூரிதேன் பசையை, கடினமாக்கும் திரவத்தோடு கலந்து பயன்படுத்த வேண்டும். ஒட்டுத் துண்டு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் தாண்டட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். இரண்டு இடத்திலும் மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, விரலில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஒருநாள் முழுக்கக் காற்றடிக்காமல் விடுங்கள். சென்னையில் ஒட்டு பிய்த்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் காற்றின் ஈரப்பதம், பசைக்கு அது 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏசி அறையில் வைத்து ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் உட்கார்ந்து ஒட்டினால் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள். பின்பலகை, தடுப்புச் சுவர், இணைப்புப் பிளவு, இவற்றை மட்டும் வீட்டில் தொடவேண்டாம்.

பழைய படகு வாங்குவதானால் முதலில் ஓர் அறையை மட்டும் லேசாக நிரப்புங்கள். பக்கத்து அறையும் உப்பினால் நடுச்சுவர் போய்விட்டது, அதற்கு ஆகும் செலவில் புதுசு வாங்கலாம். சுவர் நன்றாக இருந்தால் எல்லா அறைகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான அழுத்தத்துக்கு ஏற்றி, நிழலில் ஒருநாள் விட்டு, மறுநாள் அதே நேரத்தில் கேஜில் பாருங்கள். காலையில் அடித்து மாலையில் பார்த்தால் சூடு கசிவை மறைத்துவிடும். ஒருநாள் விட்டுவைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.