காப்புரிமை எத்தனை என்பதல்ல, எதைத் தடுக்கிறது என்பதே கணக்கு

2011 ஆகஸ்டில், மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக கூகுள் அறிவித்தது. கூடவே ஏறத்தாழ 17,000 காப்புரிமைகள். ஆண்ட்ராய்டுக்கு அவை அரணாக நிற்கும் என்பது திட்டம். 2014-இல் பெரும்பாலான காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கைபேசித் தொழிலை 291 கோடி டாலருக்கு லெனோவோவுக்கு விற்பதாகச் சொன்னது. மிச்சமெல்லாம் நஷ்டம் என்று கழித்துவிடாதீர்கள். மோட்டோரோலாவின் கையிருப்பும் செட்டாப் பாக்ஸ் பிரிவை விற்ற பணமும் இடையில் வந்தன.

சரி, அரண் என்ன ஆயிற்று? கூகுள் வாங்குவதற்கு முன்பே, வீடியோ, வைஃபை காப்புரிமைகளுக்காகப் பொருளின் விலையில் 2.25 சதவீதத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் மோட்டோரோலா கேட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் அது ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல். 2013 ஏப்ரலில் சியாட்டில் நீதிபதி நிர்ணயித்ததோ ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர்! அந்தக் காப்புரிமைகள், பல நிறுவனங்களும் பொதுவாகப் பின்பற்றும் தொழில்நுட்பத் தரநிலைக்குள் அடங்கியவை. யார் கேட்டாலும் நியாயமான கட்டணத்தில் உரிமம் தருவதாக மோட்டோரோலா வாக்குக் கொடுத்திருந்தது. கூகுள் விலை பேசியபோதே அந்த வாக்கும் இருந்தது.

நம் ஊர் நிறுவனங்களில் தொகைதான் சிறியது. ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில், "பத்து விண்ணப்பம் இலக்கு, பன்னிரண்டு போட்டாச்சு" என்று ஸ்லைடில் பச்சை அடித்திருப்பார்கள். நான் காப்புரிமையின் முதல் உரிமைக்கோரலை, அதாவது எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் வாசகத்தை, அச்செடுத்துக்கொண்டு, தொழிற்கூடத்தில் ஓடும் இயந்திரத்தின் முன் நின்று வரிவரியாக வாசிப்பேன். தாளில் இரண்டு வால்வு இருக்கும். இயந்திரத்தில் ஒன்றுதான், செலவைக் குறைக்க இன்னொன்றை எப்போதோ எடுத்திருப்பார்கள். கோரலில் சொன்ன அம்சங்கள் எல்லாம் இருந்தால்தான் பொதுவாக மீறல். ஆக, போட்டியாளர் இன்றைய இயந்திரத்தை அப்படியே நகலெடுத்தாலும் அவரைத் தடுப்பது கஷ்டம். மூன்றாம் ஆண்டிலிருந்து வரும் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

டிரேட்மார்க்கிலும் இதே கதைதான். பதிவான பெயரைத் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால், அதை நீக்கச் சொல்லி மற்றவர் விண்ணப்பிக்கலாம்.

அதனால் திட்டத் தாளில் ஒவ்வொரு உரிமைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதச் சொல்கிறேன்: இது யாரைத் தடுக்க வேண்டும், எந்தப் பொருளில் இருக்கிறது, இந்த ஆண்டு யாரையாவது தடுத்ததா. நடுக்கட்டம் காலியாக இருந்தால் முதலில் வடிவமைப்புப் பிரிவிடம் பேசுங்கள். மாற்றிய வடிவம் புதுமையானது என்றால், விற்பனைக்கோ கண்காட்சிக்கோ போகும் முன்பே அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் புதுமை போச்சு. அப்புறம் விண்ணப்பித்துப் பயனில்லை.