வேவ் கருவி "பிழை இல்லை" என்று சொன்னால் இணையப் பக்கம் சரியாகிவிட்டதா?

சில வருடம் முன்பு ஒரு கல்லூரிக்கான சேர்க்கைப் படிவத்தைச் செய்து முடித்திருந்தோம். பார்வையற்ற மாணவர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானைப் போட்டுக்கொண்டு அதை நிரப்ப உட்கார்ந்தார். டேப் விசையை அழுத்த அழுத்த "எடிட்", "எடிட்", "எடிட்" என்று மட்டும்தான் ஸ்பீக்கரில் வந்தது. நாலைந்து முறை மேலும் கீழும் போய்ப் பார்த்துவிட்டு, "சார், இதுல எது என் பேரு, எது அப்பா பேரு?" என்று கேட்டார்.

திரையில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் அழகாகப் பெயர் எழுதியிருந்தது. ஆனால் அந்த எழுத்தும் கட்டமும் பக்கத்தின் நிரலில் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. பக்கத்தின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்த முடியுமா என்பதை, சோதிக்கும் வேவ் என்ற பிரவுசர் நீட்சியை அன்று மாலையே ஓட்டினேன், கட்டத்துக்கு ஒன்றாக வரிசையாகச் சிவப்புக் குறி. சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

வேவ் கருவியை அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் குழு 2001லிருந்து தருகிறது. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். சோதனை முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடப்பதால், லாகின் செய்த பிறகு வரும் பக்கங்களையும் தாராளமாகப் பார்க்கலாம், எதுவும் வெளியே போகாது. அப்புறம் ஆக்ஸ் என்ற இன்னொரு சோதனைக் கருவி இருக்கிறது, எஃப்12 அழுத்தினால் குரோமிலேயே லைட்ஹவுஸ் இருக்கிறது; அதன் அணுகல்தன்மைச் சோதனைகளுக்கு அடியில் ஓடுவதும் ஆக்ஸ்தான். எதை எடுத்தாலும் சரி, எடுங்கள்.

இவற்றில் அதிகம் சிக்குவது எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதாமல் இருப்பது. வெப்எய்ம் வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025ல் அவற்றில் 94.8 சதவீதத்தில் பிழை இருந்தது, முதலிடம் மங்கலான எழுத்துக்கு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும் என்பது விதி. வெள்ளையில் 777777 என்ற சாம்பல் நிறம் 4.48தான் வரும், தேறாது, 767676 தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் டிசைனரோடு "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று வாதாடுவதை விட்டுவிட்டு எண்ணைக் காட்டிவிடுவேன்.

ஆனால் கருவி பச்சை காட்டியதும் மடிக்கணினியை மூடிவிடுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017ல் வேண்டுமென்றே 140க்கும் மேற்பட்ட தவறுகளை வைத்து ஒரு பக்கத்தைச் செய்து பல கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தது. எந்தக் கருவியும் தனியாகப் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. படத்துக்கு மாற்று உரை, அதாவது பார்க்க முடியாதவருக்காக எழுதும் விவரிப்பு, இருக்கிறதா என்றுதான் கருவியால் பார்க்க முடியும். அங்கே "படம்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் கேட்கிறவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. நமக்குத் திரையில் "அம்மா" என்று தெரியும், உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். எழுத்து இருக்கிறது, நிறம் சரி, தலைப்பு சரி என்று கருவி அமைதியாக இருந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

இன்னொன்று, ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழ் உள்ளடக்கத்தைக் கொட்டிவிட்டு, பக்கத்தின் மொழிக் குறியீட்டை ஆங்கிலமாகவே விட்டுவிடுவது. குறியீடே இல்லையென்றால் வேவ் சொல்லிவிடும், தவறான மொழி இருந்தால் சொல்லாது. என்விடிஏ அந்தக் குறியை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறிவிடும், தமிழ் வரிகள் அந்தக் குரலில் சிக்கிச் சின்னாபின்னமாகும். மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து.

அதனால் கருவியை ஓட்டி முடித்ததும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கம் முழுக்க நடந்து பாருங்கள். இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா, திறந்த பாப்அப்பை எஸ்கேப் அழுத்தி மூட முடிகிறதா, நாள்காட்டியில் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? அப்புறம் என்விடிஏ, அதுவும் இலவசம்தான், கூட வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

"இதெல்லாம் கட்டாயமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதால் அதைத் தாண்ட முடியாமல் போன, ஆசிட் வீச்சில் தப்பியவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகள் அவை.

அந்த மாணவரைத் திருத்திய படிவத்தோடு மறுபடி கூப்பிட்டோம். "எடிட்" என்ற சொல்லுக்கு முன்னால் இந்த முறை "தந்தை பெயர்" என்று வந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் நிரப்பி முடித்து, சமர்ப்பித்துவிட்டு எழுந்தார்.