‘வளர்ச்சி மனநிலை’ வேண்டாம், ‘வளர்திறன் நோக்கு’ போதும்

ஓசூர் சிப்காட் கம்பெனிகளின் பயிற்சி வகுப்பானாலும் சரி, தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளின் தன்னம்பிக்கைக் கூட்டமானாலும் சரி, ‘குரோத் மைண்ட்செட்’ என்றாலே பேனரில் ‘வளர்ச்சி மனநிலை’ என்று அடித்துவிடுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட இரண்டு சொற்களை ஒட்டவைத்த வேலை இது.

அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக் 2006இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய சொல். ஒருவரின் திறமை பிறக்கும்போதே அளந்து வைத்ததல்ல, முயற்சியாலும் சரியான வழிமுறையாலும் பிறர் உதவியாலும் கூடும் என்று நம்புவது குரோத் மைண்ட்செட். அது அளந்து வைத்ததுதான், மாறாது என்று நம்புவது ஃபிக்ஸட் மைண்ட்செட். மைண்ட் என்றால் மனம், செட் என்றால் பதிந்து இறுகியது. கொத்தனார் ‘கான்கிரீட் செட் ஆயிடுச்சு’ என்கிறாரே, அதே செட்தான். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

மனநிலை என்பது வந்து போவது. காலையில் ஒன்று, சம்பளம் தள்ளிப்போனால் வேறொன்று. ‘மனநிலை சரியில்லாதவர்’ என்றால் ஊரில் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. டுவெக் பேசுவதோ, தன் திறமையைப் பற்றி ஒருவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் கருத்தை.

‘வளர்ச்சி’ அதைவிட மோசம். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ வளர்ச்சி என்று சொல்லுங்கள், வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் நினைவுக்கு வரும். கம்பெனிக்குள் சொன்னால் விற்பனை, பிரமோஷன். ஆகவே கேட்பவர் ‘முன்னேறத் துடிக்கும் ஆர்வம்’ என்றே எடுத்துக்கொள்கிறார். ஆர்வம் ஏராளமாக இருந்தும் ‘என் மண்டைக்கு இவ்வளவுதான்’ என்று நம்புகிறவர் எத்தனையோ பேர். இந்தச் சொல்லால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அதன் ஜோடி ‘நிலையான மனநிலை’ கேலிக்கூத்து. தமிழில் நிலையான மனம் என்பது பாராட்டு. ‘உங்களுடையது எது?’ என்று படிவத்தில் கேட்டால், நல்லது என்று நம்பி அதையே டிக் அடிப்பார்கள்.

‘வளர் மனப்பான்மை’ தேவலை. தாழ்வு மனப்பான்மையால் மனப்பான்மை பழகிய சொல். ஆனால் வினைத்தொகையைப் பிரித்தால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மனப்பான்மை என்றாகிறது. வளர வேண்டியது திறன் அல்லவா? அதனால்தான் ‘வளர்திறன் நோக்கு’. எதிர்ச்சொல் ‘மாறாத்திறன் நோக்கு’. மனம் தமிழா வடமொழியா என்ற வழக்கில் இறங்கி ‘உளப்பாங்கு’ கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஃபிட்டர் பயிற்சிக்கு வந்த பையனுக்குக் கேட்டதும் விளங்காத தூய்மை எதற்கு?

உண்மையில் இந்தக் கருத்துக்குத் தேவையான கருவி தமிழ் வினையிலேயே இருக்கிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதில் ‘வராது’ என்றைக்கும் வராது என்று கதவைச் சாத்திவிடுகிறது. ‘இன்னும் வரல’ என்றால் இன்றைய கணக்கு மட்டும்தான் முடிகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்ச்சொல்லைத் தேடி அலைகிறார்களே தவிர, இந்த விகுதியைக் கவனிப்பதில்லை.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, எந்த இடத்தில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் அளவு தப்பாக எடுக்கும், பயிற்சிக்கு வந்த பையனைப் பாருங்கள். அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, அதாவது மீச்சிற்றளவு, 0.02 மி.மீ. முதன்மை அளவில் 24, வெர்னியரில் 13ஆவது கோடு பொருந்துகிறது என்றால் 13 × 0.02 = 0.26 சேர்த்து 24.26 மி.மீ. தாடைகளை மூடியபோதே 0.04 காட்டியிருந்தால் அதைக் கழித்து 24.22. தப்பு பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும்: மூடியபோதே காட்டும் அந்த ஜீரோ எரரைப் பார்க்காதது, கோட்டைச் சாய்வாகப் பார்ப்பது, தாடையை இறுக்கி அழுத்துவது. ‘உனக்குக் கை வராதுப்பா’ என்னும் சூப்பர்வைசர் இந்த மூன்றில் எதையும் சொல்லித்தரவில்லை. ‘சபாஷ், முயற்சி பண்ணினே’ என்று தட்டிக்கொடுப்பவரும் அப்படியே. இந்தக் கொள்கையின் பெயரால் நடக்கும் போலி இதுதான் என்று டுவெக்கே கண்டித்திருக்கிறார். ‘மூடிப் பார்த்துட்டு அளந்தே, அதான் சரியா வந்துச்சு’ என்பது உருப்படியான பாராட்டு. 1998இல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வில், ‘புத்திசாலி’ என்று புகழப்பட்ட குழந்தைகள் சறுக்கிய பிறகு துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

வாழ்க்கையே தலைகீழாகும் என்று மேடையில் அடித்து விடுவதும் நிறுத்த வேண்டியதே. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், திறமை வளரும் என்று சொல்லித்தரும் பயிற்சியைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கிடைத்தது சிறு முன்னேற்றம்தான். பயிற்சிக்குச் செலவான நேரமும் ஒரு மணி நேரத்துக்குள் என்பதால் அது மோசமில்லை.

ஒரே ஆள் லேத் மெஷினைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்புவார், இங்கிலீஷ் மட்டும் ‘வராது’ என்பார். எனவே மதிப்பீட்டுப் படிவத்தில் ‘வளர்ச்சி மனநிலை உள்ளதா? ஆம் / இல்லை’ என்ற கட்டமே அர்த்தமற்றது. அந்த இடத்தில் ‘எந்த வேலையை வராது என்கிறார், எந்தப் படியில் தடுமாறுகிறார்’ என்று இரண்டு கட்டம் போடலாம்.